குளிக்காமல் போன நாள்

கால் தோல் வெடித்து, அரிப்பு தாங்க முடியவில்லை. ஹெப்பகோடியில் செடிகொடிச் சாற்றில் கிரீம் செய்யும் கம்பெனியில் என் மருமகளுக்கு வேலை. வயதானவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று என் பேரையும் சேர்த்துவிட்டாள். அங்கே போவதற்கு முந்தின நாளிலிருந்து குளிக்கக் கூடாதாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. சோப்பு போட்டு, நாரால் தேய்த்துக் குளித்துவிட்டே போனேன்.

பஞ்சுக் குச்சியோடு வந்த பெண் என் காலைப் பார்த்தாள். "குளிச்சீங்களா ஆன்ட்டி?"

"பின்ன? நாலு பேர் இருக்கிற எடத்துக்கு அப்படியேவா வருவாங்க?"

"வயித்துல இருக்கிற மாதிரி தோல் மேலயும் நல்ல கிருமிங்க இருக்கு. அதுங்கதான் தோலைக் காப்பாத்துது. உங்க கால்ல எது கொறஞ்சிருக்குன்னு பாத்துட்டுதான் கிரீம் தருவோம். கழுவிட்டு வந்தா எப்படித் தெரியும்?"

"என் மேல கிருமியா?"

"என் மேலயும்தான் ஆன்ட்டி. நாளன்னிக்கு வாங்க."

அரிப்புக்காக ஒத்துக்கொண்டேன். குளிக்காமல், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காராமல் நின்றுகொண்டே போனேன். அவள் காலைத் துடைத்தெடுத்த குச்சியைக் குழாயில் போட்டு மூடினாள்.

"இன்னிக்கு கரெக்டா வந்திருக்கீங்க."

குளிக்காததற்கு என்னை மெச்சியவள் அவள் ஒருத்திதான்.

"இப்ப வீட்டுக்குப் போய் குளிக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா. கால்ல மட்டும் நார் வேணாம்."