அப்பா உள்ளே வந்ததில்லை

நாளை என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு சர்ச் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். என்ன பதில் சொல்வது என்று நேற்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவிலிருந்து தோழியின் வீடியோ வந்தது. மக்காச்சோளக் காட்டு நடுவே ஒரு சர்ச். வாசலில் நின்ற வண்டிக்குள் ஒரு விவசாயி.

"வாரவாரம் பொண்டாட்டிய எறக்கி விட்டுட்டு இங்கனயே இருப்பாரு. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கட்டி" என்றாள்.

அப்பாவின் மொபெட் ஞாபகம் வந்துவிட்டது. பெட்ரோல் வாடையும் அம்மாவின் பிச்சிப்பூ மணமும் சேர்ந்தடிக்க, சின்ன வயதில் முன்னால் நின்றபடி போவேன். கோயிலில் ஆடித்தபசுத் தேருக்கு வடம் பிடிக்கிற அப்பா, கிறிஸ்தவளான அம்மாவையும் என்னையும் சர்ச்சில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார்.

ஒருநாள் பெரியப்பா அங்கேயே வந்துவிட்டார். "ஏலே, பொண்டாட்டிக்குக் காவல் கெடக்கியா? நாளைக்கு ஒம் மவளும் அங்கனயேதாம்ல போயிருவா."

"போவட்டும். கூட்டிட்டு வர நான் இருக்கம்லா. டீ குடிங்கண்ணே."

பெரியப்பா குடிக்கவில்லை. அந்தப் பொங்கலுக்கு எங்களைக் கூப்பிடவும் இல்லை. அடுத்த ஞாயிறும் மொபெட் கிளம்பியது. நான் விரும்பிய சாமியைக் கும்பிட முடிந்தது அப்படித்தான். அதை நன்றியோடு நினைத்தது நேற்றுதான்.

நாளை காபித் தட்டை வைத்ததும் மாப்பிள்ளையிடம் நானே சொல்லிப் பார்க்கப் போகிறேன்: "ஞாயித்துக்கெழம நான் சர்ச்சுக்குப் போவேன். நீங்க உள்ள வரணும்னு இல்ல."