சுறாப் பல்லும் வாய் திறக்காத மச்சாளும்

அண்ணா செத்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த அன்று, மச்சாள் அவருடைய படத்துக்கு முன்னால் அந்தச் சுறாப் பல்லை வைத்தாள். அழுதுகொண்டிருந்த எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வந்தது. அது எனக்கு வரவேண்டிய பல்.

சண்டைக் காலம். மாமா தன் மகளை, அதுதான் இந்த மச்சாளை, மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு, எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அவளுக்கு ஆறு வயது, எனக்கு எட்டு. அதுவரை அண்ணாவின் மடி எனக்குத்தான். கம்பஸில் விஞ்ஞானம் படித்த அவர், மேசையில் ஒரு சாம்பல் நிறப் பல் வைத்திருந்தார். மாமா வீட்டுக் கிணறு வெட்டியபோது சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடந்தது. நான் எத்தனையோ நாள் கேட்டும் தராததை, அவள் வந்த முதல் கிழமைக்குள்ளேயே கொடுத்துவிட்டார்.

"அவளின்ரை கிணத்திலை எடுத்ததுதானே, குஞ்சு. அவளிட்டை வேறை என்ன இருக்கு?"

பிறகு இருவரையும் இருத்தி அதன் கதையைச் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் அது மறக்கவில்லை. தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனில் பாரமானதும் உண்டு, லேசானதும் உண்டு. இந்த வகைகளுக்குச் சமதானி என்று பெயர், இங்கிலீசில் ஐசோடோப். வெயில் லேசானதைக் கூடுதலாக ஆவியாக்கிக்கொண்டு போய் மழையாகக் கொட்டும். அதனால் ஆற்றில் லேசானது கூடுதல், கடலில் பாரமானது கூடுதல். பல் உருவாகும்போது சுறா எந்தத் தண்ணீரில் நின்றதோ, அந்தத் தண்ணீரின் கணக்கு பல்லுக்குள் அப்படியே பூட்டுப்பட்டுவிடும். கோடி வருடம் போனாலும், அந்தச் சுறா கடலில் திரிந்ததா ஆற்று வாயில் கிடந்ததா என்று சோதித்துச் சொல்லலாமாம்.

"ஆக்களின்ரை பல்லிலையும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம், குடிச்ச தண்ணி தெரியும்."

எனக்கு அது போதும். மச்சாளைக் குளியலறைக்குள் இழுத்தேன். "செக்பொயின்றிலை வாயைத் திறந்தியோ, பல்லைப் பாத்து நீ யாழ்ப்பாணம் எண்டு கண்டுபிடிச்சுப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். என்ரை பல்லு கொழும்புப் பல்லு."

அவள் முகம் வெளிறியது. எனக்கு இனித்தது.

அந்த ஞாயிறு அண்ணா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அவளுக்கு அவர் கை, எனக்குச் சட்டை நுனி. காலி வீதிச் செக்பொயின்றில் மறித்தார்கள். வீட்டில் இருப்பவர்களைப் பதிகிற பொலிஸ் துண்டில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை. பொலிஸ்காரர் குனிந்து, அண்ணாவைக் காட்டி, "நங்கி, மே கவுத?" என்றார். தங்கச்சி, யார் இவர் என்று கேட்கிறார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தான் எண்டு சொல்லம்மா," என்றார் அண்ணா. அவள் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். "மகே அய்யா", என்னுடைய அண்ணா, என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் ஏச்சு வாங்கட்டும் என்று பேசாமல் நின்றேன். ஏச்சு வரவில்லை, ஜீப்தான் வந்தது. அண்ணாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கடைக்கார முஸ்லிம் நானா எங்களை வீட்டில் விட்டார்.

மூன்றாம் நாள் அண்ணா வந்தார். உதடு வீங்கியிருந்தது, முன்பல் ஒன்று இல்லை. அப்போதும் முதலில் அவளைத்தான் தூக்கினார்.

"பல்லு எங்கை, அண்ணா?"

"சுறாவுக்கு விழ விழ முளைக்கும், குஞ்சு. எனக்கும் முளைக்கும், பொறு."

நம்பினேன். காலையில் எழும்பியதும் அவர் மடியில் ஏறி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். அவரும் சிரித்துக்கொண்டு திறப்பார். மடி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. மச்சாள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், சுறாப் பல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவாள்.

அவளுக்குப் பொறாமை என்று அப்போது நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.