பல்லுறுப்புக்கோவைக்கும் ஆண்டவர் இரங்கினார்

கணக்குப் பாடத்துக்காக ஒருத்தி அழுவாளா என்று கேட்பீர்கள். நான் அழுதேன், சகோதரிகளே. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, அடுப்பில் சாம்பார் பொங்க, நோட்டின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமையல் உதவியாளராக இருக்கிறேன். அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். தனித்தேர்வராக எழுதினேன். எல்லாம் தேறி, கணக்கு மட்டும் போய்விட்டது. மறுபடி எழுத வேண்டும். அதுவும் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். வீட்டுக்காரரின் குத்தகை வயலோ வாய்க்காலின் கடைமடையில் கிடக்கிறது. தண்ணீர் எட்டினால்தான் எங்களுக்கு விளைச்சல். பயந்தே செத்தேன்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது பல்லுறுப்புக்கோவையைக் காரணிப்படுத்துதல். x³ + 3x² + 2x + 6. இரண்டிரண்டாகச் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தேன். x²(x + 3) + 2(x + 3) என்று வந்தது. அதுவரை சரி. அடுத்த வரியில் (x + 3)(x + 3)(x² + 2) என்று எழுதிவிடுவேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஜெனி தலையில் அடித்துக்கொள்வாள்.

"அம்மா, x + 3 ஒரு தடவதாம்மா!"

"ரெண்டு இருக்குல்லடி? ஒண்ண எங்க தொலைக்கச் சொல்ற?"

"தொலைக்கல, பொதுவா வெளிய எடுக்குறோம். x-க்குப் பதிலா ஒண்ணு போட்டுப் பாரு. கணக்குல பன்னெண்டு வருது, உனக்கு நாப்பத்தெட்டு வருது. மீதி எங்கேருந்து வந்துச்சு?"

"ம், உங்கப்பா வயல்லேருந்து வந்துச்சு!"

எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஜெபத்திலும் மகளுக்குச் சுகம் தாரும், மகனுக்குச் சுகம் தாரும் என்று தனித்தனியாகத்தான் கேட்பேன். ஆண்டவரிடமே சலித்துக்கொண்டேன்: "செங்கடலைப் பிளந்தீரே, இந்த அடைப்புக்குறியை ஒன்றும் செய்ய மாட்டீரா?"

ஐப்பசி அடைமழையில் எங்கள் சபை எஸ்தர் அக்கா வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். எல்லாரும் முதலில் விண்ணப்பத்தைச் சொல்வோம். பிறகு அக்கா அவற்றைச் சேர்த்து ஜெபிப்பார். லீலாவுக்குக் கண் ஆபரேஷன். ரோசிக்கும் அதேதான், கூடவே அவள் மகளுக்கு நர்சிங் பரீட்சை. எனக்குக் கணக்கு. வந்தவர்களுக்குப் பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் அக்கா வேகமாக ஜெபித்தார். "லீலாவுக்கும் ரோசிக்கும் கண்ணுல சுகத்தக் கொடும் ஆண்டவரே. ஸ்டெல்லாவுக்கும் ரோசி மகளுக்கும் பரீட்சையில தெளிவக் கொடும். ஆமென்."

எனக்குச் சுள்ளென்றது. "என்னக்கா, சின்னப் பொண்ணோட சேத்து அள்ளிப் போட்டுட்டீங்க? எனக்குன்னு தனியா ஒரு தடவ கேக்கக் கூடாதா?"

"ஏண்டி ஸ்டெல்லா, ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதானே? பேரு ரெண்டையும் சொல்லிட்டேன். தெளிவ எதுக்கு ரெண்டு தடவ சொல்லணும்? அவருக்கென்ன காது மந்தமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் செருப்பை மாட்டியபடி அப்படியே நின்றுவிட்டேன். வேண்டியது ஒன்று, அதை ஒரு முறை சொன்னால் போதும். பெயர்கள் இரண்டு, அவை சேர்ந்து நிற்கும். (x + 3) ஒன்று. x²-உம் 2-உம் ஓர் அடைப்புக்குள். (x + 3)(x² + 2). யாரும் விடுபடவில்லை!

நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடி எழுதினேன். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நான்கு பெருக்கல் மூன்று, பன்னிரண்டு.

"இதத்தானேம்மா நான் இத்தன நாளா கத்துறேன்!" என்றாள் ஜெனி. உண்மைதான். கத்தியது அவள், என் செவியைத் திறந்தவர் ஆண்டவர்.

தேர்வில் அந்த வகைக் கணக்கு ஒன்று வந்தது, நடுவில் கழித்தல் குறியோடு. ஆனாலும் போட்டேன். தேறிவிட்டேன். மனுவும் போட்டாயிற்று.

இதற்கெல்லாமா ஜெபம் என்று வெட்கப்பட்டு எதையும் மறைத்து வைக்காதீர்கள். எரிச்சலோடு கேட்டாலும் அவர் கேட்கிறார். இன்னும் நேர்காணல் இருக்கிறது. உங்கள் ஜெபத்தில் வேலை கேட்கிற மற்றவர்களோடு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் சொல்ல வேண்டாம்.