மயில் முத்திரை

வெள்ளிக்கட்டி கைக்கு வந்ததும் வசந்தகுமாரி எடை கேட்பதில்லை. வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதுவார். மூச்சின் ஈரத்தில், தேய்ந்த முத்திரை ஒரு நொடி எழுந்து மறையும். அதற்குள் படித்துவிட வேண்டும். குமணன்சாவடியில் பழைய வெள்ளி வாங்கும் சுலைமானுக்கு இது பழகிவிட்டது. உருக்க வேண்டிய கட்டி வந்தால் அவரே போன் போடுவார். "யக்கா, பழசு ஒண்ணு வந்துகீது. அடுப்புல போட்றதுக்குள்ள வந்து பாத்துக்கினு போ."

வசந்தகுமாரி ஆவடித் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தவர். பாகங்களை அளந்து, சரியென்றால் தன் எண் பொறித்த முத்திரையைக் குத்துவது வேலை. ஓய்வுபெற்ற அன்று அந்த முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. நகைக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுஷி, கறுத்த வெள்ளியில் யாரோ குத்திய சிங்கத்துக்கும் எண்ணுக்கும் உருகிப்போவார். "குத்துனவன் இதுக்கு நான் பொறுப்புன்றான். செத்துப் போயும் சொல்லிகினு கீறான், பாரு."

இப்படி வாங்கிச் சேர்த்துவைத்த கட்டிகளில் செல்லம், உள்ளங்கை நீளக் கட்டி ஒன்று. முக்கால்வாசி தேய்ந்த மயில், கீழே இரண்டெழுத்து. எந்தப் பட்டறையுடையது என்று விசாரித்த இடத்திலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். குத்தியவன் இந்த உலகில் விட்டுப்போனது அந்த மயில் ஒன்றுதான் என்று நம்பினார். துணியால்கூடத் துடைக்க மாட்டார்.

கள்ளிக்குப்பத்திலிருந்து மருமகளாக வந்த ஷோபனாவிடம் இதைச் சொல்லிவைக்கவில்லை. போகிக்கு முதல் நாள், மாமியார் கடைக்குப் போயிருந்தபோது, அந்தப் பெண் பூஜைப் பாத்திரங்களோடு கட்டிகளையும் போட்டு, புளியும் சாம்பலும் வைத்துக் கம்பி நாரால் தேய்த்துவிட்டாள்.

"கறுப்பாக் கெடந்துச்சு அத்தே. இப்போ பாருங்க, கண்ணாடி மாரி கீது."

வசந்தகுமாரி மயில் கட்டியை எடுத்து ஊதினார். மறுபடியும் ஊதினார். வெறும் ஈரம் படர்ந்து காய்ந்தது. எழவு விழுந்த வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.

ஷோபனாவின் முகம் மாறியது. "எதுனா தப்பு பண்ட்டேனா அத்தே?"

கட்டியை மேடைமேல் வைத்தார். ஷோபனாவின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அலமாரியிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்து, நார் கிழித்திருந்த அந்த விரல்களில் ஒவ்வொன்றாகத் தடவத் தொடங்கினார்.