இரண்டு குழாய்களில் என் தங்கை

என் தங்கைக்குத் தலசீமியா. நல்ல சிவப்பணுக்களை அவள் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. கைக்குழந்தையாக இருந்தபோதே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் தேனிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறாள். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். ரத்தம் ஏற்றும் நாளில் எந்த ஏலத்துக்கும் போகமாட்டார். அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

நான் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். ரத்தத்தை உண்டாக்கும் செல்களில் மரபணுவைத் திருத்துவதுதான் எங்கள் வேலை. ஏன் இந்தப் படிப்பு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஒரு மழைக்கால விடுமுறையில் மூவருமாக ஜீப்பில் மலைக்குப் போனோம். மெட்டுக் கணவாய்க்கு மேலே அத்தா குத்தகைக்கு எடுத்த தோட்டம். வெளியே குளிர். அடுப்பு மூட்டி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் கதகதப்பாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

"அக்கா, கிரிஸ்பர் கிரிஸ்பர்ங்கிறியே, அது செல்லுக்குள்ள போயி என்னதான் பண்ணுது?" என்றாள் தங்கை.

"டி.என்.ஏ. எழுத்து எழுத்தாக் கோத்த நீளமான இழை. நமக்கு வேண்டிய எடத்துக்குப் பொருந்துற மாதிரி சின்னதா ஒரு ஆர்.என்.ஏ. துண்டு செஞ்சு, வெட்டுற புரதத்தோட சேத்து உள்ள அனுப்புவோம். அது தேடிப் போயி, பொருந்துற எடத்துல வெட்டும்."

அத்தா நிமிர்ந்து பார்த்தார். "வெட்டிட்டா செல்லு செத்துப் போகாதாம்மா?"

"பெரும்பாலும் சாகாது அத்தா. செல்லே வெரசா ஒட்டிக்கிரும். ஒட்டும்போது ஒண்ணு ரெண்டு எழுத்து தப்பிப் போகும். அந்த எடம் அப்புறம் வேல செய்யாது. நமக்கு வேண்டியதே அதுதான்."

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு என்பதையும், பிறந்த சில மாதங்களில் ஒரு ஜீன் அதை அடக்கிவிடும் என்பதையும் சொன்னேன். ரத்த செல்லில் அந்த ஜீனை முடுக்கும் இடத்தை வெட்டிவிட்டால் பழைய ஹீமோகுளோபின் திரும்ப வரும்.

தங்கை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அம்மா வயித்துல நான் நல்லாத்தான் இருந்தேனா?"

"நல்லாத்தான் இருந்தே."

அத்தா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

வேறு இடத்தில் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அந்த ஆபத்து உண்டு என்றேன். வெளிநாட்டில் சிலருக்கு வைத்தியமாகவே கொடுக்கிறார்கள்; ஆனால் முதலில் திருத்திய செல்களுக்கு இடம் உண்டாக்க, கடுமையான மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும், பிள்ளை பெறுவதிலும் சிக்கல் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

"அது கெடக்கட்டும். என் ரத்தத்துல பண்ணிப் பாருங்களேன்" என்றாள்.

முறைப்படி அனுமதி பெற்று அவள் ரத்தத்தை எடுத்தோம். சொந்தத் தங்கை என்பதால் நான் அதில் கைவைக்கவில்லை. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அதிலிருந்து செல்களைப் பிரித்து, திருத்தி, வளர்த்தாள். முடிவு தெரிந்ததும் தங்கையை வரச் சொன்னோம்.

தோழி இரண்டு சிறிய குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ஒன்றின் அடியில் வெளிறிய துளி. மற்றதில் நல்ல சிவப்பு.

"இதுல எது நானு?"

"ரெண்டுமே நீதான். செவப்பா இருக்கிறது திருத்தினது" என்றேன்.

குழாய்களுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இத எனக்குள்ள போட முடியாதுல்ல?"

"முடியாது. இது சோதிச்சுப் பாக்க மட்டுந்தான்."

"பரவால்ல. எனக்கும் வரும்னு பாத்துட்டேன்ல."

வெளியே வந்ததும் அத்தாவுக்குப் போன் போட்டாள். "அத்தா, செவப்பா இருந்துச்சு." மறுமுனையில் அத்தா, "ரெண்டு பேரும் சாப்டீங்களா?" என்றார்.

வெளிநாட்டில் கொடுக்கிற அந்த வைத்தியத்துக்கு அவள் அவசரப்படவில்லை. மஜ்ஜையைக் காலி செய்யாமல் ஒரு வழி வரட்டும், அதுவரை பொறுத்துப் பார்க்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அடுத்த முறை ரத்தம் ஏற்றும்போது நானும் லீவு போட்டுத் தேனிக்குப் போயிருந்தேன். ஊசி ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். அத்தா டீ வாங்கப் போயிருந்தார். நான் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சில்லென்றிருந்த விரல்களில் மெல்லச் சூடு வந்தது.