ரயில் கணக்கு

எண்பதுகளின் இறுதியில், ஓசூரில் எங்கள் தொழிற்சாலை நடத்திய அப்ரண்டிஸ் தேர்வைச் சரிபார்க்க பெங்களூரிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். ஒடிசலான உருவம், காதோரம் செருகிய பென்சில். ஆள்வாரியாக நான் கூட்டி வைத்திருந்த மதிப்பெண்களை அவர் பார்க்கவே இல்லை. விடைத்தாள்களைக் கேள்விவாரியாகப் புரட்டி, எதில் யார் தவறினார்கள் என்று தேடினார்.

“கஷ்டமான கணக்கெல்லாம் சரியாப் போட்ட ஆறு பேரு இந்த ரயில் கணக்குல மட்டும் விழுந்திருக்காங்க சார். ஆறு பேரும் அஞ்செட்டிப் பக்கம்.”

அந்த ஒரு கேள்வியால்தான் அவர்களுக்கு வேலை இல்லை என்று ஆகியிருந்தது. கேள்வியை எழுதியவன் நான்.

“மலைக்காட்டுப் பசங்க மேடம். அவங்களுக்கு வர்றது அவ்வளவுதான்.”

“ரயில் பிளாட்பாரத்தத் தாண்டுற நேரத்துக்கு, பிளாட்பார நீளத்தோட ரயில் நீளத்தையும் சேர்க்கணும்னு, ரயிலே பாக்காதவனுக்கு எப்படித் தோணும்? இது திறமைய அளக்கல. இத எடுத்துட்டு மறுபடி கூட்டுங்க.”

கேள்வியை அடித்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டார்: “நீங்க எந்த ஊரு சார்?”

“ஓசூருங்க மேடம்.”

நான் பிறந்தது அஞ்செட்டியை அடுத்த நாட்றாம்பாளையம். முதன்முதலாக ரயிலைப் பார்த்தது கல்லூரியில் சேர்ந்த பிறகு.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அத்தனை தவறான விடைகளுக்கும் காரணம் தேடியவர், என் விடைக்கு மட்டும் காரணம் கேட்கவில்லை.