பொலிஸ் மேசையில் அம்மா

போன வெள்ளிக்கிழமை என் அம்மாவைப் பொலிஸ் நிலையத்தில் பார்த்தேன். அம்மா அங்கே வரவில்லை. அந்த நேரத்தில் அவர் கலஹா மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

குழப்புகிறேனா? முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் கமரா வாங்கிய பெருமையை இந்தப் பக்கத்தில் ஏற்கனவே அளந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். டீச்சரான முதல் ஆள். கமரா தூக்கிய முதல் ஆளும் நானே. இவ்வளவும் சும்மா குடும்பப் படம் எடுப்பதற்கா? கலைப்படம் எடுக்க வேண்டும் அல்லவா?

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலச் சஞ்சிகைதான் எனக்கு வழிகாட்டி. அதிலிருந்த படங்களில் ஆளே இல்லை. மலை, பனி, தண்ணீர்... அவ்வளவுதான். ஆகவே நானும் ஆட்கள் விலகும்வரை காத்திருந்து, இடம் வெறுமையான பிறகே எடுப்பேன்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விடுமுறை. குண்டசாலையில் நான் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து நடந்துபோய் மகாவலிப் பாலத்தருகே நின்றேன். ஆற்றின் மேல் பனி. இந்த பஸ் போகட்டும், அந்த சைக்கிள் போகட்டும் என்று காத்திருந்தேன். பாலம் வெறுமையானது. ஒரு கிளிக்.

திரும்பினால் பின்னால் ஓர் இராணுவச் சிப்பாய்.

எதற்காக எடுத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். அழகாக இருந்தது என்று நல்ல சிங்களத்திலேயே சொன்னேன். அடையாள அட்டையை வாங்கி என் தமிழ்ப் பெயரை இரண்டு தரம் வாசித்தார். அதன் பிறகு என் நல்ல சிங்களமும் அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

பொலிஸ் நிலையம். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்த பிலிம் ரோலைக் கழுவி எடுத்து வரும்படி பக்கத்து ஸ்டூடியோவுக்கு ஆளனுப்பினார். எனக்கு ஒரு கதிரை தந்தார்கள். மரியாதையாகத்தான். ஆனால் ஒரு சின்ன விசாரணை என்று போனவர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்பாத கதை நம் எல்லோருக்கும் தெரியும்தானே?

அழக்கூடாது என்று முடிவெடுத்தேன். அந்த ரோலில் என்னென்ன இருக்கிறது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பொல்கொல்லை அணைக்கட்டு, ஆளில்லாமல். ஹந்தானை உச்சி ஒளிபரப்புக் கோபுரம், ஆளில்லாமல். பேராதனைத் தண்டவாளம், ஆளில்லாமல். கடைசியில் இந்தப் பாலம்...

அப்போதுதான் உறைத்தது. கலை என்று நினைத்து நான் எடுத்தவை எல்லாம், குண்டு வைக்க இடம் பார்க்கிறவன் எடுக்கும் படங்கள்!

நடுவில் வேறு என்ன எடுத்தேன்? ஆமாம், அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கலஹாவுக்குப் போயிருந்தேன். அம்மா என் பிலிமை வீணாக்கிய நாள். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டுக்குப் புது டீவி வந்திருந்தது. டீவியோடு தன்னை ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்றார். பிலிம் என்ன விலை தெரியுமா என்று சிடுசிடுத்துக்கொண்டே எடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு அத்தை வந்துவிட்டார், தன் ஆட்டையும் இழுத்துக்கொண்டு.

"ஆட்ட விட்டுட்டு எப்புடி புள்ள எடுக்கிறது? அதுவும் நம்ம வீட்டு ஆளுதானே" என்றார் அத்தை. அதையும் எடுத்தேன்.

படங்கள் வந்தன. இன்ஸ்பெக்டர் சீட்டுப் போடுவதுபோல ஒவ்வொன்றாக மேசையில் போட்டார். அணை. கோபுரம். தண்டவாளம். ஒவ்வொரு படத்துக்கும் அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. யார் இவற்றைக் கேட்டது என்றார். யாரும் கேட்கவில்லை, அழகுக்காக எடுத்தேன் என்றேன். அந்த மேசைக்கு முன்னால் 'அழகு' என்ற சொல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அடுத்த படம் – அம்மா.

டீவிக்குப் பக்கத்தில் விறைப்பாக, கைகளை உடம்போடு ஒட்டி, கமராவை முறைத்தபடி. அம்மாவை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் படமெடுத்திருக்கிறார்கள், அடையாள அட்டைக்காக. படமென்றால் இப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அவருடைய முடிவு.

இன்ஸ்பெக்டர் தனக்குத் தெரிந்த தமிழுக்கு மாறினார்.

"இது யாரு?"

"எங்க அம்மா, சேர்."

"ஏன் கோவம்?"

"போட்டோன்னா அப்புடித்தான் நிப்பாங்க, சேர்."

படத்தைக் கையிலெடுத்துக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம அம்மாவும் இப்படித்தான். கலியாண போட்டோவில பொலிஸ் மாதிரி நிக்கிறது."

அடுத்தது ஆடு. அதைக் கண்டதும் சிரித்தேவிட்டார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா என்ன வேலை என்று கேட்டார். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறார், நான் டீச்சர் என்று நிமிர்ந்தே சொன்னேன். எங்கள் பாடசாலை அதிபருக்குப் போன் பேசினார்கள். கமரா என் கைக்கு வந்தது. ஆளில்லாத படங்களையும் நெகட்டிவ்களையும் ஓர் உறையில் போட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இது இங்க இருக்கட்டும். நீங்க ஆடு கொண்டு போங்க."

வெளியே வந்தால் கால் தரையில் படவில்லை. ஒரு கடையில் பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு, மிஞ்சிய படங்களை எடுத்துப் பார்த்தேன். போனவற்றுக்காக வருத்தமே வரவில்லை... ஏன்?

பாலம் அழகுதான். ஆனால் அந்த இடத்தில் யார் நின்றாலும் அந்தப் படம் கிடைக்கும். அம்மாவின் முறைப்பு? அது அடையாள அட்டை முறைப்பு மட்டுமல்ல. பிலிம் விலையைச் சொல்லிக்காட்டிய மகளைப் பார்த்து முறைத்த முறைப்பு. எந்தச் சஞ்சிகைக்காரர் வந்து கேட்டாலும் அம்மா அதைக் கொடுக்கமாட்டார். எதைப் படமெடுப்பது என்று நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். அதுவோ எங்கள் லயத்து வீட்டில் டீவிக்குப் பக்கத்தில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை புது ரோலோடு கலஹா பஸ் ஏறினேன். அம்மா பயந்துவிடுவார் என்று பாதிக் கதையைத்தான் சொன்னேன். அவருக்கு ஒரே கவலை.

"பொலிஸ்கார ஐயா பாக்குற படத்துல இப்புடியா நிக்கிறது? இந்தத் தடவ சிரிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

"வேணாம்மா. மொறச்சிக்கிட்டே நில்லும்மா."

எந்தச் சோதனைச் சாவடியிலும் செல்லுபடியாகும் முறைப்பு அது!